நட்டை இறுக்கினால் சக்கரம் பிடிக்கிறதா?

சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் நன்றாகச் சுற்றுகிறது. இரண்டு பக்கத்து நட்டையும் இறுக்கியதும் பிடித்துக்கொள்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடியும் ஓடுகிறது!

இது என்ன வேடிக்கை?

சைக்கிள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலோர் இந்த வேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். அவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். நட்டை அரைகுறையாக விட்டுவிட்டு, "ஓடுகிறதே, போதும்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அது தவறு. ஆபத்தான தவறு.

மாட்டு வண்டியில் கடையாணி என்று ஒன்று இருக்கிறது. சக்கரம் அச்சை விட்டுக் கழன்று போகாமல் தடுப்பது அது. சக்கரம் சரியாகச் சுழலவில்லை என்றால், வண்டிக்காரர் அச்சுக்கு மை போடுவார். குடத்தைப் பார்ப்பார். கடையாணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டுவாரா? மாட்டார். சைக்கிளில் அந்தக் கடையாணியின் வேலையைச் செய்வதுதான் நட்டு. வண்டிக்காரர் செய்யத் துணியாத காரியத்தை, சைக்கிள்காரர் தினமும் செய்கிறார்!

குன்னத்துச் சாலையில்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் குன்னம் இருக்கிறது. தாலுகாவின் தலைமை ஊர். சுற்றிலும் கரிசல் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊர்கள். காலையில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் வருவார்கள். புத்தகப் பை கேரியரில் இருக்கும். சில சைக்கிள்களில் தங்கச்சியோ தம்பியோ பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் இருக்கின்றன. அதனால் அந்த வட்டாரத்துச் சாலைகளில் கனமான லாரிகள் ஓடுகின்றன. லாரிக்கு ஒதுங்கி, சாலையின் ஓரத்துப் பள்ளத்தில் சைக்கிளை இறக்குகிறாள் ஒரு பெண். அந்த நேரத்தில் முன்சக்கரம் போர்க்கை விட்டு நழுவினால் என்ன ஆகும்? சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் இருப்பது அரசாங்கம் கொடுத்த சைக்கிள். தமிழ்நாட்டில் 2001-02ஆம் கல்வி ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு அது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியருக்கு விரிந்தது. நல்ல திட்டம். மிக நல்ல திட்டம்.

எவ்வளவு நல்லது என்பதற்குப் பீகாரில் கணக்கே இருக்கிறது. அங்கே 2006இல் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். 2017இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படிக்கும் பெண்களின் அளவு 32 சதவிகிதம் உயர்ந்தது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

தொலைவுதான் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்துகிறது. சைக்கிள் அந்தத் தொலைவைக் குறைக்கிறது. அப்படியானால், சக்கரம் பிடிக்கும் சைக்கிள் என்ன செய்யும்? குறைத்த தொலைவை மறுபடியும் நீட்டிவிடும். ஐந்து கிலோமீட்டர் மிதிப்பதற்குள் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். வகுப்பில் தூக்கம் வரும். நான்கு நாள் பார்ப்பாள். ஐந்தாம் நாள் சைக்கிள் திண்ணைக்குப் போய்விடும். பிறகு அதன்மேல் வைக்கோலும் சாக்கும் ஏறும்.

"இலவசமாகக் கொடுத்ததுதானே, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் பேசுவார்கள். சைக்கிள்மேல் பழி! உண்மையில் அந்தச் சைக்கிளுக்குத் தேவையானது கால் மணி நேர வேலை.

சைக்கிள்கள் பல பள்ளிகளுக்குப் பாகம் பாகமாக லாரியில் வருகின்றன. பள்ளி மைதானத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிளை அவசரமாகப் பூட்டும் கைகளுக்கு, ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்க நேரம் ஏது? அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால், சைக்கிளை வாங்குகிறவர் அதைச் செய்யலாம் அல்லவா? செய்யத் தெரிய வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

குடத்துக்குள் என்ன இருக்கிறது?

சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். சைக்கிள் கடைக்காரர் அதை 'ஹப்' என்பார். குடத்தின் நடுவே ஓர் இரும்புக் கம்பி போகிறது. அதுதான் ஆக்சில். ஆக்சில் சுற்றாது. குடம் மட்டும் அதைச் சுற்றி ஓடும்.

இரும்பின்மேல் இரும்பு ஓடினால் தேயுமே! அதற்காக, குடத்தின் இரண்டு ஓரத்திலும் சின்னக் கிண்ணம்போல் ஓர் இடம் வைத்து, அதில் எஃகுக் குண்டுகளைப் போட்டிருக்கிறார்கள். வழக்கமான சைக்கிளில் முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 10 குண்டுகள். பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 9 குண்டுகள். அவை சற்றுப் பெரியவை.

குண்டுகள் வெளியே உருண்டு போகாமல், ஆக்சிலில் ஒரு கூம்பு திருகியிருக்கும். அதன் பெயர் கோன். கோனை உள்ளே திருகினால் குண்டுகள் நெருக்கப்படும், சக்கரம் பிடிக்கும். வெளியே திருகினால் குண்டுகள் தளரும், சக்கரம் ஆடும். பிடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. சைக்கிள் கடைக்காரரின் விரல்களுக்கு அந்த இடம் தெரியும்.

இந்தக் குண்டுகள் சைக்கிளுக்கு வந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பாரிஸ் நகரத்தில் ஜூல் சூரிரே என்பவர் 1869இல் சைக்கிள் சக்கரத்துக்குக் குண்டு போடும் முறையைப் பதிவு செய்தார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் நகரம் வரை ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஜேம்ஸ் மூர் என்ற இங்கிலாந்துக்காரர் ஜெயித்தார். அவருடைய சைக்கிளில் அந்தக் குண்டுகள் இருந்தனவாம்! அன்று பந்தயக்காரருக்குக் கிடைத்த வசதி, இன்று குன்னத்துப் பள்ளி மாணவியின் சைக்கிளில் இருக்கிறது. கோன் சரியாக இருந்தால்தான் அந்த வசதி அவளுக்குப் பயன்படும்.

இறுக்கும்போது நடப்பது

இப்போது புதிர் அவிழும்.

கோனுக்கு வெளியே சைக்கிளின் போர்க்கு இருக்கிறது. அதற்கு வெளியே வாஷர். அதற்கும் வெளியே நட்டு. நட்டை ஸ்பானரால் இறுக்கும்போது என்ன ஆகிறது? நட்டு வாஷரை அழுத்துகிறது. வாஷர் போர்க்கை அழுத்துகிறது. போர்க்கு கோனை அழுத்துகிறது. கோன் ஒரு தலைமுடி அளவு உள்ளே போகிறது. சில சமயம் நட்டோடு சேர்ந்து கோனும் திரும்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் குண்டுகளுக்கு அந்தத் தலைமுடி அளவே அதிகம். நெரிபடுகின்றன. சக்கரம் நிற்கிறது.

ஆகவே குற்றம் நட்டின்மேல் இல்லை. நட்டு தன் கடமையைச் செய்தது. கோன்தான் முன்பே நெருக்கமாக இருந்திருக்கிறது. அல்லது அதை யாரும் பிடித்து வைக்கவில்லை.

விலை உயர்ந்த சைக்கிளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நட்டு இல்லாமல், ஒரு நெம்புகோலை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும் சைக்கிள்கள் இருக்கின்றன. இத்தாலியில் துல்லியோ கம்பஞோலோ என்ற பந்தய வீரர் 1930ஐ ஒட்டி உண்டாக்கிய ஏற்பாடு அது. அதில் ஆக்சில் குழாய்போல் உள்ளே வெற்றிடமாக இருக்கும். நெம்புகோலை மடக்கியதும் அந்தக் குழாய் மிக மிகச் சிறிதளவு நசுங்கும். அதற்காகவே, கைதேர்ந்த மெக்கானிக்குகள் முன்கூட்டியே கோனில் கொஞ்சம் ஆட்டம் விட்டுவைப்பார்கள். பூட்டியதும் ஆட்டம் மறைந்துவிடும்.

நம் ஊர் சைக்கிளுக்கும் வைத்தியம் கிட்டத்தட்ட அதேதான். வெளி நட்டைத் தளர்த்துங்கள். கோனின் பக்கவாட்டில் தட்டையாக இரண்டு இடம் இருக்கும். மெல்லிய ஸ்பானர் அதில் பொருந்தும். கோனைக் கால் சுற்றுக்கும் குறைவாக வெளியே திருப்புங்கள். ஒரு கையால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் நட்டை நன்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தையே முழுக்க இறுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சுற்றிப் பாருங்கள். இன்னும் பிடித்தால், இன்னும் சிறிது. ஆடினால், சிறிது உள்ளே.

பின்சக்கரத்தில் கோனுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இன்னொரு நட்டு இருக்கும். கோன் நகராமல் காவல் காப்பது அது. அந்தக் காவல் நட்டு தளர்ந்திருந்தால், எத்தனை முறை கோனைச் சரிசெய்தாலும் மறுபடி நெருங்கிவிடும். கோனை மெல்லிய ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, காவல் நட்டை அதன்மேல் அழுத்தி இறுக்கிவிட்டு, அதன் பிறகுதான் சக்கரத்தை மாட்ட வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். காற்றடிக்கும் வால்வு பக்கவாட்டில் வரும்படி நிறுத்தி, கையை எடுத்துவிடுங்கள். வால்வு இருக்கும் இடம் சற்றுக் கனம். அதனால் அது தானாகவே கீழே இறங்கும். இறங்கி, மறுபக்கம் கொஞ்சம் ஏறி, ஊஞ்சல்போல் ஆடி நிற்கும். அப்படி ஆடினால் கோன் சரி. எட்டு வயதுப் பிள்ளைகூடச் செய்து பார்க்கலாம். பின்சக்கரத்தில் செயின் இருப்பதால் இந்த ஆட்டம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கோன் மட்டும்தானா காரணம்?

இல்லை. அவசரப்பட்டுக் கோனைத் திருகுவதற்குமுன் கண்ணால் பார்க்க வேண்டும். நட்டை இறுக்கும்போது சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிரேக் கட்டையில் ரிம் உரசுகிறதா? டயர் மட்கார்டில் படுகிறதா? அப்படியானால் கோனைத் தொட வேண்டாம். சக்கரத்தை நடுவில் நிறுத்தி, மறுபடி இறுக்கினால் போதும்.

மழைக்காலத்தில் குன்னம் பக்கத்துக் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தைப் பிடிக்கும். அது நட்டு தளர்ந்தாலும் பிடிக்கும், இறுகினாலும் பிடிக்கும். ஒரு குச்சி போதும் அதற்கு! நட்டை இறுக்கினால் மட்டும் பிடிப்பதுதான் வேறு நோய்.

பின்சக்கரத்தில் இன்னொரு கோளாறு உண்டு. பஞ்சர் ஒட்டிவிட்டு மாட்டும்போது, சக்கரத்தை ரொம்பப் பின்னால் இழுத்து இறுக்கிவிடுவார்கள். செயின் தம்பூராக் கம்பிபோல் விறைத்துவிடும். மிதிக்கவே முடியாது. செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். சில சமயம் உள்ளே இருக்க வேண்டிய வாஷரை மறந்து மாட்டிவிடுவார்கள். அப்போது நட்டை இறுக்கியதும் பிரீவீல் சட்டத்தில் போய் உரசும். மிதிக்காமல் இறக்கத்தில் போனால் சைக்கிள் சுகமாக ஓடும். மிதித்தால் மட்டும் கர்ரென்று சத்தம் வரும். அப்படி வந்தால், 'வாஷர் எங்கே?' என்று தேட வேண்டும்.

கோனைத் தளர்த்தியும் சரியாகவில்லையா? சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலை விரலால் சுற்றிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து புழுதி சேர்ந்திருக்கிறது. அல்லது குண்டு உடைந்திருக்கிறது. பத்து இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தாராள மனதோடு பதினொன்று போட்டிருக்கலாம். தானத்துக்கு நல்லது, சக்கரத்துக்கு ஆகாது. பழைய குண்டோடு புதுக் குண்டைக் கலப்பதும் கூடாது. பெரிய குண்டு ஒன்றே எல்லாப் பாரத்தையும் தாங்கி, கிண்ணத்தைக் குழியாக்கிவிடும். ஆக்சிலைக் கழற்றி மேஜைமேல் உருட்டும்போது தத்தித் தத்திப் போனால், அது வளைந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும். அந்த வேலைக்குக் கடைக்குப் போவதே நல்லது.

பெண்ணுக்கு எதற்கு ஸ்பானர்?

முன்பு ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கடைப் பையன் ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பார்ப்பான். அந்தக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மிச்சம் இருப்பவற்றில் பல, மோட்டார் சைக்கிள் கடைகளாகிவிட்டன. வேலை நெருக்கடியில் அங்கே இருப்பவர், "நட்டை ஒரு சுத்து லூசா விட்டுக்க பாப்பா, ஓடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், பாப்பா என்ன செய்வாள்? சரி அண்ணே என்று போய்விடுவாள். அண்ணன் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"படிக்கிற பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு உட்காருவதா?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். புதுக்கோட்டையை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். குன்னத்துக்குத் தொலைவில் இல்லை அது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி கலெக்டராக இருந்தார். எழுத்துக் கற்ற கிராமத்துப் பெண்கள், அதோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் கற்றார்கள். "பொம்பளை சைக்கிள் ஓட்டுவதா?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. இன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஸ்பானர் பிடிப்பதா என்ற கேள்விக்கும் அதே கதிதான் ஏற்படும்.

ஊசியில் நூல் கோக்கும் விரலுக்குக் கோனைக் கால் சுற்றுத் திருப்புவது பெரிய வேலை இல்லை. பலம் தேவைப்படும் வேலையும் இல்லை. பலசாலிகள்தான் கோனை நெரித்துக் கெடுக்கிறார்கள்!

எனவே, சைக்கிள் கொடுக்கும் நாளிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மேடையும் மாலையும் முடிந்த பிறகு, ஊரில் இருக்கும் பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவரை அழைக்கலாம். அவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுக்கலாம். பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். ஒரு முன்சக்கரத்தைக் கழற்றி, கோனைக் காட்டி, மறுபடி மாட்டிக் காட்டட்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி, வால்வு தானாகக் கீழே இறங்குகிறதா என்று பார்க்கட்டும். இறங்காத சைக்கிளை அங்கேயே சரிசெய்துவிட்டு, அப்புறம் வீட்டுக்கு ஓட்டிப் போகலாம்.

சைக்கிளோடு நட்டுக்கு ஒரு ஸ்பானரும் கோனுக்கு ஒரு மெல்லிய ஸ்பானரும் கொடுக்க வேண்டும். சைக்கிளின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே அல்ல. பழைய துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் கட்டிவிட்டால், சத்தமும் போடாது, தொலைந்தும் போகாது.